ராஜா, டியூக், பிரபு எல்லாம் சரி... பியானோவில் யாருங்க?

1938-ல் அமெரிக்க ரேடியோவில் ஒரு தவறு நடந்துவிட்டது. டபிள்யூ.சி. ஹேண்டி என்பவரை ‘ஜாஸ் இசையின் பிதாமகர்’ என்று அறிமுகப்படுத்திவிட்டார்கள். ஜெல்லி ரோல் மார்ட்டன் என்ற பியானோக்காரருக்கு ரத்தம் கொதித்தது. பேப்பரை எடுத்தார், ‘டவுன் பீட்’ பத்திரிகைக்கு நீளமாக ஒரு கடிதம் போட்டார். சாராம்சம் இதுதான்: ஜாஸைக் கண்டுபிடித்தது நானே, வருஷம் 1902. சர்ச் ஞானஸ்நானப் பதிவை வைத்துப் பார்த்தால் ஆசாமி பிறந்தது 1890. அதாவது 12 வயதில், ஹோம்வொர்க் முடித்த கையோடு ஜாஸையும் கண்டுபிடித்து வைத்துவிட்டுத்தான் தூங்கப் போயிருக்கிறார்!

முன்பல்லில் வைரம் பதித்துக்கொண்டு ஊரைச் சுற்றிய மனிதர். அடக்கம் என்பது அவர் டிபார்ட்மென்ட்டே கிடையாது. ஆனால் அதே வருஷம், ஆலன் லோமாக்ஸ் என்ற நாட்டார் இசை ஆய்வாளர் அவரை மைக் முன்னால் உட்காரவைத்துக் கதை கேட்டபோது, ஒரு உண்மையைச் சொல்லிவிட்டார். சின்ன வயதில் பியானோவைத் தொடவே பயமாம். ஏன்? அது பொம்பளைங்க சமாச்சாரமாம். நாலு பேர் சிரிப்பார்களாம், கல்யாணம் ஆகாதாம். ஜாஸின் பிதா, பியானோவின் முதல் எதிரியாக இருந்திருக்கிறார் பாருங்கள்.

அவரைச் சொல்லிக் குற்றமில்லை. அந்தக் கால அமெரிக்க நடுத்தர வீட்டு ஹாலில் பியானோ என்றால், பெண்ணுக்கு நல்ல இடத்தில் வரன் அமைய வாங்கிப் போடும் சாமான். நம்மூரில் பஜ்ஜியைக் கடித்துக்கொண்டே ‘பொண்ணு பாடுமா?’ என்று கேட்பார்களே, அதே கேஸ்தான். கறுப்பினக் குடும்பங்களிலும் கொஞ்சம் கையில் காசு இருந்தால் மகளுக்குப் பியானோ டீச்சர் வந்துவிடுவார். பெண் நோட்டு வாசிக்கக் கற்றுக்கொள்வாள். பையன் தெருவில் கார்னெட் என்ற குட்டி டிரம்பெட்டை ஊதக் கற்றுக்கொள்வான். பிறகு பியானோ வீட்டு ஹாலிலிருந்து சலூனுக்கு இடம் மாறியது, டிப்ஸ் கொட்ட ஆரம்பித்தது. அதுவரை பெண்மையாக இருந்த பியானோ, ஒரே ராத்திரியில் ஆண்மையாகிவிட்டது!

சரி, ஜாஸுக்கு வேரான ப்ளூஸ் பாட்டு இருக்கிறதே, மார்ட்டன் முதலில் கேட்ட ப்ளூஸ் யாருடையது? அதையும் அவரே சொல்லியிருக்கிறார். நியூ ஆர்லியன்ஸில் அவருடைய ஞானத்தாய் வீட்டுப் பக்கத்தில் இருந்த மேமி டெஸ்டூன்ஸ் என்ற பெண். வலது கையில் நடுவிரல்கள் இரண்டு கிடையாது. மிச்சம் இருந்த விரல்களை வைத்துக்கொண்டே அந்தம்மா வாசித்த பாட்டு மார்ட்டன் காதை விட்டு இறங்கவேயில்லை. 1939-ல் ‘மேமி’ஸ் ப்ளூஸ்’ என்று பெயர் போட்டே அதை ரெக்கார்டும் செய்தார். ஜாஸைக் கண்டுபிடித்தவருக்குப் பத்து விரல். அவருக்குக் காட்டிக்கொடுத்தவருக்கு எட்டு.

இப்போது சிகாகோ போவோம். 1918. சவுத் ஸ்டேட் ஸ்ட்ரீட்டில் ஜோன்ஸ் மியூசிக் ஸ்டோர். அப்போது பாட்டு வாங்குவது என்றால் அச்சடித்த இசைத்தாளை வாங்குவது. வாங்குமுன் கேட்டுப் பார்க்க வேண்டாமா? அதற்குக் கடையிலேயே ஒருவர் உட்கார்ந்து வாசித்துக் காட்டுவார். ஸ்பாட்டிஃபை ப்ரீவியூ, சம்பளத்துக்கு! அந்த வேலையில் சேர்ந்தார் மெம்ஃபிஸிலிருந்து வந்த லில் ஹார்டின், வயது 20. தம் எடை 85 பவுண்டு என்பது அவரே சொன்ன கணக்கு, அதாவது 39 கிலோ. சம்பளம் வாரத்துக்கு 3 டாலர். எடைக்கேற்ற சம்பளம் என்று முதலாளி நினைத்தாரோ என்னவோ.

ஒருநாள் அந்தக் கடைக்குள் நம் வைரப்பல் மார்ட்டன் நுழைந்தார். உட்கார்ந்தார், தட்டினார், கடையே அதிர்ந்தது. மூலையில் நின்று பார்த்துக்கொண்டிருந்த லில் ஒரே ஒரு பாடம் கற்றுக்கொண்டார்: பியானோவைத் தடவக்கூடாது, சாத்த வேண்டும். அன்றிலிருந்து 85 பவுண்டையும் விரலில் இறக்கித்தான் வாசித்ததாகப் பின்னாளில் சொன்னார். மார்ட்டனுக்கு மட்டும் தெரிந்திருந்தால், ‘லில்லைக் கண்டுபிடித்ததும் நானே’ என்று இன்னொரு கடிதம் போட்டிருப்பார்.

சீக்கிரமே நியூ ஆர்லியன்ஸிலிருந்து வந்திறங்கிய ஒரு பேண்டுக்குப் பியானோ ஆள் தேவைப்பட்டது. லில் போனார். பள்ளிக்கூடத்துப் பெண் மாதிரி ‘நோட்ஸ் எங்கே?’ என்று கேட்டார். எல்லோரும் விழித்தார்கள். அப்படியெல்லாம் இங்கே வைத்துக்கொள்வதில்லை என்றார்கள். சரி, எந்தச் சுருதி? அதுவும் தெரியாது. ரெண்டு தட்டு தட்டுவோம், கேட்டதும் ஆரம்பித்துவிடு. அவ்வளவுதான் இன்டர்வியூ! தட்டினார்கள், லில் ஆரம்பித்தார், எந்தச் சுருதி என்று ஒரு நொடியில் காதாலேயே பிடித்துக்கொண்டார். வேலை கிடைத்தது. வாரத்துக்கு 20 டாலருக்கும் மேல். பத்து வருஷம் நோட்டு கற்றவருக்கு நோட்டே இல்லாத இடத்தில்தான் உண்மையான சம்பளம் என்று எழுதியிருந்தால் யார் என்ன செய்ய முடியும்?

ஒரே சிக்கல், அம்மா. டெம்ப்ஸி அம்மையாருக்கு ப்ளூஸ் என்றாலே சாத்தானின் சங்கீதம். மெம்ஃபிஸில் இருந்தபோது மகளிடம் ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’ இசைத்தாள் இருந்ததைக் கண்டுபிடித்து, துடைப்பக்கட்டையால் மொத்தினார் என்று சொல்வார்கள். சர்ச்சில் கீர்த்தனை வாசிக்கும்போதே கொஞ்சம் ஆட்டம் சேர்த்து வாசித்து, பாதிரியார் கண்ணாடிக்கு மேலாக முறைக்கும்படி செய்த மகள் அது. ஆக, புது வேலையைப் பற்றி வீட்டில் என்ன சொன்னார்? ‘ஒரு டான்ஸ் ஸ்கூலில் வாசிக்கிறேன்மா.’ பொய் என்று சொல்ல முடியாது. ஆடத்தான் செய்தார்கள். ஸ்கூல் மட்டும்தான் இல்லை.

அடுத்து வருகிறார் கிங் ஆலிவர். கார்னெட் சக்கரவர்த்தி. ஜாஸில் இது ஒரு வியாதி. கிங் ஆலிவர், டியூக் எலிங்டன், கவுன்ட் பேஸி... ராஜாவே கிடையாது என்று சட்டம் எழுதிவைத்த நாட்டில் அரண்மனை அரண்மனையாகத் திறந்தார்கள்! லில் ஆலிவரின் சபையில் பியானோவுக்குச் சேர்ந்தார். 1922-ல் ஆலிவர் நியூ ஆர்லியன்ஸிலிருந்து ஒரு பையனை இரண்டாவது கார்னெட்டுக்கு வரவழைத்தார். ‘லிட்டில் லூயி’ வருகிறான், ‘லிட்டில் லூயி’ வருகிறான் என்று ஊரெல்லாம் பேச்சு. வந்து இறங்கிய லூயி ஆம்ஸ்ட்ராங்கின் எடை, லில் சொன்ன கணக்கில், 226 பவுண்டு.

லில்லுக்குப் பெரிய ஏமாற்றம். சட்டை சரியில்லை, டை சகிக்கவில்லை, நெற்றியில் விழுந்த முடியைப் பார்க்கவே முடியவில்லை. இருபதாம் நூற்றாண்டின் மாபெரும் இசை மேதையை முதன்முதலில் பார்த்த பெண்ணின் விமர்சனம் முழுக்க முழுக்க ஃபேஷன் பற்றியது!

மேதை என்று தெரிந்தது எப்போது? 1923 ஏப்ரல் 5. இண்டியானா மாநிலம் ரிச்மண்டில் ஜெனட் கம்பெனி ஸ்டூடியோ. பக்கத்தில் ரயில் தண்டவாளம், வண்டி போனால் ரெக்கார்டிங் நின்றுவிடும். மைக் எல்லாம் கிடையாது. ஒரு பெரிய தகரப் புனல், அதற்கு முன்னால் எல்லோரும் கும்பலாக நின்று வாசிக்க வேண்டும். லூயி ஊதினால் வேறு யார் சத்தமும் கேட்கவில்லை. சரி, நீ கொஞ்சம் தள்ளி நில். இன்னும் தள்ளி. இன்னும். கடைசியில் பனிரெண்டு, பதினைந்தடி தூரத்தில் மூலையில், முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டு நின்றார். லில் அதைப் பார்த்தார். ராஜா புனலுக்குள் மூக்கை நுழைக்காத குறையாக நிற்கிறார், சிப்பாயைக் கடைக்கோடிக்கு அனுப்பினால்தான் ராஜா சத்தமே கேட்கிறது. அப்படியானால் யார் ராஜா? கணக்கு சிம்பிள்தான். போட்டுப் பார்த்தது பியானோக்காரி மட்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால் ராஜாவுக்கும் அது தெரியும்! லூயி என்னைவிட நன்றாக ஊதுகிறான், ஆனால் என்னிடம் இருக்கிறவரை என்னைத் தாண்டிப் போக முடியாது, நான்தான் ராஜா என்று ஆலிவரே லில்லிடம் சொல்லியிருக்கிறார். உலக வரலாற்றில் இத்தனை நேர்மையாக ஒரு முதலாளி தன் ஹெச்.ஆர். பாலிசியை வெளியிட்டதே கிடையாது. ஆனால் ரகசியத்தை யாரிடம் சொல்கிறோம் என்று பார்க்க வேண்டாமா? ஏனென்றால் 1924 பிப்ரவரியில் லில், லூயியைக் கல்யாணம் செய்துகொண்டார்.

கல்யாணமானதும் முதல் கேள்வி: உன் சம்பளப் பணம் எங்கே? ஆலிவர் பத்திரமாக வைத்திருக்கிறாராம். ‘அப்படியா, சரி’ என்று சொல்கிற பெண்ணா லில்? பேண்டிலும் புகைச்சல் கிளம்பியது. ஆளுக்கு 95 டாலர் வருகிறது, கைக்கு 75-தான் வந்து சேருகிறது என்று சகாக்கள் கண்டுபிடித்துவிட்டார்கள். ராஜா என்றால் வரி விதிக்கத்தானே செய்வார்!

இரண்டாவது கார்னெட்டுக்காரருக்குப் பெண்டாட்டியாக இருக்க எனக்கு இஷ்டமில்லை என்று லில் பளிச்சென்று சொல்லிவிட்டார். லூயிக்கோ ஆலிவர் தெய்வம். தெய்வத்தை விட்டுப் போவதா என்று நெளிந்தார். லில் விடவில்லை. சட்டை மாற்றினார், முடியை மாற்றினார், கடைசியில் முதலாளியையும் மாற்றினார். லூயி நியூயார்க்கில் ஃப்ளெச்சர் ஹெண்டர்சன் பேண்டுக்குப் போனார். 1925-ல் லில் சிகாகோவில் ட்ரீம்லேண்ட் கஃபேக்காரர்களிடம் பேசினார். வாரம் 75 டாலர், போஸ்டரில் ‘உலகின் தலைசிறந்த டிரம்பெட் கலைஞர்’ என்று போட வேண்டும். இன்ன தேதிக்குள் வா, இல்லையென்றால் வரவே வராதே என்று புருஷனுக்குத் தகவல் பறந்தது. வந்தார். அந்த பேண்டுக்குத் தலைவர் யார் என்று கேட்கிறீர்களா? லில்தான். உலகின் தலைசிறந்த டிரம்பெட் கலைஞரைக் கூட்டாளிகள் ‘பெண்டாட்டி தாசன்’ என்று கிண்டலடித்தார்கள். சரியாகத்தான் சொன்னார்கள். வீட்டிலும் பாஸ் லில், மேடையிலும் பாஸ் லில்.

அதே வருஷம் நவம்பரில் லூயி பெயரில் ஆரம்பித்ததுதான் ‘ஹாட் ஃபைவ்’ ரெக்கார்டுகள். இன்றைக்கும் ஜாஸ் பண்டிதர்கள் கண்ணை மூடிக்கொண்டு கேட்பவை. லூயி ஊதும்போது மூடிய கண், லில்லின் தனி ஆவர்த்தனம் வந்ததும் திறந்துவிடும். ‘பியானோ சுமார்’ என்று எழுதுவார்கள். இருக்கட்டும். ஆனால் ‘ஸ்ட்ரட்டின் வித் சம் பார்பிக்யூ’ என்ற 1927 ரெக்கார்டைத் தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்களே, அதை எழுதியது யார்? லில்தான். சும்மா வந்ததா அந்தப் பெயர்? பிற்பாடு கோர்ட் வரைக்கும் போய்த்தான் அதைக் காப்பாற்ற வேண்டியிருந்தது.

லில் மட்டும் ரொம்ப யோக்கியமா என்றால், அதுவும் இல்லை. லூயி தன் சுயசரிதையில், என் மனைவி ஃபிஸ்க் யுனிவர்சிட்டியில் முதல் மாணவியாகத் தேறியவர் என்று பெருமையாக எழுதிவைத்திருக்கிறார். அம்மணி அங்கே கொஞ்ச காலம் படித்தார், அவ்வளவே. பட்டம் வாங்கவில்லை. புருஷனிடம் யார் அப்படிச் சொல்லியிருப்பார்கள் என்று துப்பறிய ஷெர்லாக் ஹோம்ஸ் வேண்டியதில்லை. ராஜாவும் பிரபுவும் திரிகிற ஊரில் ஒரு பி.ஏ.வாவது போட்டுக்கொள்ள வேண்டாமா?

1931-ல் பிரிந்தார்கள், 1938-ல் டைவர்ஸ். லில் தையல் படித்தார். படிப்பு முடிவில் செய்து காட்ட வேண்டிய உருப்படியாக என்ன தைத்தார் தெரியுமா? லூயிக்கு ஒரு டக்சிடோ கோட்டு! 1922-ல் பார்த்த அந்தச் சட்டை மனதை எவ்வளவு பாதித்திருக்க வேண்டும், யோசியுங்கள். 1971 ஜூலையில் லூயி இறந்தார். ஆகஸ்ட் 27, சிகாகோவில் அவருக்கு நினைவுக் கச்சேரி. லில் பியானோவில் உட்கார்ந்து வாசிக்க ஆரம்பித்தார், மேடையிலேயே மாரடைப்பில் சாய்ந்தார். வாசித்துக்கொண்டிருந்த பாட்டு ‘செயின்ட் லூயிஸ் ப்ளூஸ்’. துடைப்பக்கட்டை தோற்றது என்றுதான் சொல்ல வேண்டும்.

லில் ஒற்றை ஆள் இல்லை. சிகாகோ மோனோகிராம் தியேட்டரில் இசை டைரக்டராக லவ்வி ஆஸ்டின் என்று ஒரு அம்மா இருந்தார். ப்ளூஸ் பாடகி பெஸ்ஸி ஸ்மித்தின் முதல் ஹிட்டான ‘டவுன் ஹார்ட்டட் ப்ளூஸ்’ அவரும் ஆல்பர்ட்டா ஹன்ட்டரும் சேர்ந்து எழுதியது. அவர் ட்ரூப்போடு பிட்ஸ்பர்க் வந்தபோது ஒரு சின்னப் பெண் பார்த்தாள். லவ்வி கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருக்கிறார், வாயில் சிகரெட், இடது கை ஷோவுக்கு வாசிக்கிறது, வலது கை அடுத்த ஐட்டத்துக்கு நோட்டு எழுதுகிறது! இன்றைக்கு ஆபீஸில் ஒரு ஜூம் மீட்டிங்கில் இருந்துகொண்டு இன்னொரு மெயில் அடித்தாலே நாம் மல்டிடாஸ்கிங் என்று ரெஸ்யூமேயில் எழுதுகிறோம்.

அந்தச் சின்னப் பெண்தான் மேரி லூ வில்லியம்ஸ். பிறந்தபோது மேரி எல்ஃப்ரிடா ஸ்க்ரக்ஸ். வில்லியம்ஸ் புருஷன் பெயர். ‘லூ’ ரெக்கார்டு கம்பெனி அதிகாரி ஜாக் கேப் 1930-ல் சேர்த்தது. மூன்று சொல் பெயரில் ‘மேரி’ மட்டும்தான் சொந்தம். ஆண்டி கர்க் என்பவரின் பேண்டில் புருஷன் சாக்ஸஃபோன். மனைவி சும்மா கூடப் போனார், கார் ஓட்டினார், நடுவில் கொஞ்ச நாள் ஒரு சவ அடக்கக் கம்பெனிக்கும் வண்டி ஓட்டினார். 1929-ல் ஒரு ரெக்கார்டிங்குக்கு வழக்கமான பியானோக்காரர் வரவில்லை. மேரி உட்கார்ந்தார். அப்புறம் அந்தப் பெண் இல்லாமல் ரெக்கார்டு கிடையாது என்று கேப் அடம்பிடித்துவிட்டார். கர்க் பேண்டில் யாருக்கும் லீவு போடவே பயம் வந்திருக்கும்.

கேன்சஸ் சிட்டியில் 1933 டிசம்பர் ராத்திரி ஒன்று ஜாஸ் புராணத்தில் பிரசித்தம். ஊருக்கு வந்த சாக்ஸஃபோன் மன்னர் கோல்மன் ஹாக்கின்ஸை உள்ளூர் இளவட்டங்கள் லெஸ்டர் யங், பென் வெப்ஸ்டர், ஹெர்ஷல் எவன்ஸ் சுற்றி வளைத்துவிட்டார்கள். மன்னர் பனியனோடு நின்று விடிய விடிய மல்லுக்கட்டினார். தோற்றபின் அடுத்த கச்சேரிக்கு நேரமாகிவிட்டதென்று புது காடிலாக்கை விரட்டி இன்ஜினையே காலி செய்தார். இதையெல்லாம் நமக்குச் சொன்னவர் மேரி லூ. அவருக்கு எப்படித் தெரியும்? விடியற்காலை நாலு மணிக்கு பென் வெப்ஸ்டர் வந்து அவர் ஜன்னலைத் தட்டி எழுப்பினார். ஊரிலுள்ள பியானோக்காரர்கள் அத்தனை பேரும் களைத்துச் சுருண்டுவிட்டார்களாம், நீ வந்து வாசி என்று கூப்பிட்டார்! நாலு வீரர்களின் யுத்தத்தை நாம் தொண்ணூறு வருஷமாகப் பேசுகிறோம். களத்தில் கீழே விழுந்தவர்கள் முழுக்கப் பியானோக்காரர்கள் என்பதை யாரும் பேசுவதில்லை.

ஏன் பேசவில்லை? முதல் குற்றவாளி அந்தத் தகரப் புனல். ஊதுகிற வாத்தியம் அதில் பளிச்சென்று விழும், பியானோ பக்கத்து வீட்டில் வாசிப்பது போல விழும். இரண்டாவது குற்றவாளி நம்மைப் போல எழுதுகிறவர்கள். தனி ஆவர்த்தனம் செய்தவரைத்தான் எழுதுவோம். எந்த இடத்தில் யார் நுழைய வேண்டும், எங்கே முடிக்க வேண்டும், அடுத்த பாட்டின் தாள் எங்கே, சம்பளத்தில் 20 டாலர் எங்கே என்று பார்த்துக்கொண்டிருந்தவரை எழுதமாட்டோம். வரன் கிடைக்கட்டும் என்று சொல்லிக்கொடுத்த நோட்டுதான் கடைசியில் நோட்டே தெரியாத ராஜாக்களின் ராஜ்ஜியத்தைத் தூக்கி நிறுத்தியது. அப்பாக்கள் போட்ட பிளான் இப்படியா தோற்க வேண்டும்!

நியூ ஆர்லியன்ஸின் ஸ்வீட் எம்மா பேரட் மட்டும் வேறு வழி கண்டுபிடித்தார். அவர் நோட்டு கற்றவர் இல்லை, எல்லாம் காதுதான். பியானோ சத்தம் கேட்கவில்லை என்றால் என்ன, காலில் கட்டும் பட்டைகளில் மணிகளைக் கோத்துக்கொண்டார். காலைத் தட்டி வாசித்தால் ஜல் ஜல். ‘பெல் கேல்’ என்றே பெயர். 1967-ல் பக்கவாதம் வந்து இடது பக்கம் விழுந்துவிட்டது. ரிடையர் ஆவார் என்று எதிர்பார்த்தார்கள். வலது கையை வைத்துக்கொண்டு மேலும் பல வருஷம் வாசித்தார். பத்து விரலும் இருந்து ‘இன்னிக்கு மூட் இல்லை’ என்று சொல்லும் கலைஞர்கள் கவனிக்கவும்.

கடைசியாக, டிரினிடாடிலிருந்து லண்டன் போன வினிஃப்ரெட் அட்வெல். படித்தது மருந்தாளுநர் படிப்பு. லண்டன் ராயல் அகாடமியில் சேர்ந்து கற்றது செவ்வியல் பியானோ. மேடையில் முதலில் பளபளக்கும் கிராண்ட் பியானோவில் பெரிய மனிதர்களின் சங்கீதம். பிறகு எழுந்து ஓரத்துக்குப் போவார். அங்கே அவருடைய ‘இன்னொரு பியானோ’ இருக்கும். பேட்டர்ஸி பழைய சாமான் கடையில் 50 ஷில்லிங்குக்கு வாங்கிய டப்பா. அதில் ராக்டைம் தட்ட ஆரம்பித்ததும் ஜனம் எழுந்துகொள்ளும். ‘பிளாக் அண்ட் ஒயிட் ராக்’ ஒரு ரெக்கார்டின் பின்பக்கத்தில் போனால் போகிறதென்று வைத்த பாட்டு. முன்பக்கத்தை மறந்துவிட்டார்கள், பின்பக்கம் ஹிட். 1954-ல் பிரிட்டன் ஹிட் வரிசையில் முதலிடம் பிடித்த முதல் கறுப்பினக் கலைஞர் அவர்தான், அதுவும் பியானோவில் தனியாக. கிராண்ட் பியானோ பாவம், உலகம் சுற்றும் மேடைகளில் சைடு கேரக்டராக நின்றது.

அந்தக் கைகளை லாயிட்ஸில் 40,000 பவுண்டுக்கு இன்ஷூர் செய்தார்கள். பாலிசியில் ஒரு நிபந்தனை: அட்வெல் பாத்திரம் கழுவக்கூடாது. ஆலிவருக்கு ராஜா பட்டம் கிடைத்தது, எலிங்டனுக்கு டியூக் பட்டம் கிடைத்தது, மார்ட்டன் தனக்குத்தானே கர்த்தா பட்டம் கொடுத்துக்கொண்டார். ஆனால் பாத்திரம் கழுவ வேண்டியதில்லை என்று லாயிட்ஸ் கையெழுத்துப் போட்ட சாசனம் வாங்கியது ஒரு பெண்தான். இனி யாராவது வந்து உங்கள் மகளிடம் ‘பியானோ கத்துக்கிட்டு என்ன பிரயோஜனம்?’ என்று கேட்டால் பதில் பேச வேண்டாம். பாலிசி காப்பியை நீட்டச் சொல்லுங்கள்.